கறுப்புச் சாயமும் வெண்ணழுகல் பூஞ்சையும்: எந்தத் தண்ணீரைக் கொடுப்பது? ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூர்ப் பட்டறை ஒன்றில் 500 கிலோ பருத்திப் பனியன் துணி சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷேடு கறுப்பு. எம்.எல்.ஆர். 1:6, அதாவது கிலோவுக்கு ஆறு லிட்டர்; ஆக மெஷினில் 3,000 லிட்டர். துணி எடையில் 6 சதவீதம் சாயம் போட்டால் 30 கிலோ. உப்பு லிட்டருக்கு 80 கிராம் வீதம் 240 கிலோ. சோடா ஆஷ் 20 கிராம் வீதம் 60 கிலோ. 60 டிகிரியில் ஓடி முடிந்ததும் சாயத்தில் 70 சதவீதம் நூலோடு பிணைந்துவிட்டதாகக் கணக்கிட்டாலும், மிச்சம் 9 கிலோ டிரெயினுக்குத்தான் போகிறது. மாதிரிக் கணக்குதான், ஆனால் அடர் ஷேடு ஓட்டும் எந்தப் பட்டறையிலும் எண்கள் இதற்கு வெகுதூரம் போகாது.

இந்த 9 கிலோவைப் பூஞ்சையின் நொதிகளால் உடைக்க முடியுமா என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி. குடுவையில் முடியும் என்பது முப்பது ஆண்டுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி. அப்படியிருந்தும் பட்டறைத் தண்ணீரில் விட்டால் பூஞ்சை பெரும்பாலும் ஒரு வாரத்தில் கைவிரித்துவிடுகிறது. பழி வழக்கமாகப் பூஞ்சையின் தலையில் விழும். எங்கள் கணிப்பு வேறு: ஒரே பேட்ச் துணியிலிருந்து ஐந்தாறு விதமான தண்ணீர் வெளியே வருகிறது, அவற்றில் பூஞ்சைக்குக் கொஞ்சமும் ஒவ்வாததைத்தான் முதலில் அதன் வாயில் ஊற்றுகிறோம்.

திருப்பூரில் இந்தக் கேள்விக்கு ஒரு பின்னணி உண்டு. நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் தேங்கிய சாயக்கழிவு வழக்காகி, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, ஒரு சொட்டும் வெளியே விடாத முறையில்தான் பட்டறைகள் திரும்ப ஓடின: உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., எவாபரேட்டர், உப்பு மீட்பு என்ற வரிசை. இந்த வரிசையில் நிறம் ஒரு தொல்லை. மீட்ட உப்புநீரில் நிறம் இருந்தால் வெளிர் ஷேடுக்கு அது உதவாது, ஆர்.ஓ. சவ்விலும் படியும். ஆகவே நிறம் நீக்குவது இன்றும் காசு போகும் இடம்தான்.

டிரெயினுக்குப் போவது எந்தச் சாயம்

பட்டறையில் ‘பிளாக் பி’ என்று கேட்டு வாங்கும் பொடியின் முதன்மைச் சரக்கு ரியாக்டிவ் பிளாக் 5. இன்றைய கடைக் கறுப்புகளில் இதோடு ஆரஞ்சு, சிவப்புச் சாயங்களும் கலந்திருக்கும். மூலக்கூறு எடை 991.8. நடுவில் எச்-அமிலம் எனும் நாஃப்தலீன் வளையம். அதன் இருபுறமும் ஆளுக்கொரு அசோ பிணைப்பு, அதாவது நைட்ரஜன்-நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு. இரு ஓரத்திலும் நூலைப் பிடிக்கும் வினைல் சல்ஃபோன் கை. இந்தக் கை செல்லுலோஸைப் பிடித்தால் சாயம் ஏறியது. நூலுக்குப் பதில் தண்ணீரைப் பிடித்துவிட்டால் அது செத்த சாயம். நிறம் அப்படியே இருக்கும், நூலில் இனி ஒட்டாது. டிரெயினில் போவது பெரும்பாலும் இந்தச் செத்த சாயம்.

பல குடுவைச் சோதனைகளில் முதல் பிழை இங்கேதான். பாட்டிலில் வரும் சாயத்தை நேரே தண்ணீரில் கரைத்துப் பூஞ்சைக்குக் கொடுப்பார்கள். அதில் கை இன்னும் உயிரோடு இருக்கும். பூஞ்சை இழையின் சர்க்கரைச் சங்கிலிகளோடும் புரதங்களோடும் ஒட்டிக்கொள்ள வழியுண்டு. சோதிக்க வேண்டியது நீர் பிடித்த வடிவத்தை. லிட்டருக்கு 5 கிராம் சாயம் கரைத்து, காஸ்டிக் சோடாவால் பி.எச். 12 ஆக்கி, மூடிய பாத்திரத்தில் 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியபின் அமிலம் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவந்தால் கையிருப்புக் கரைசல் தயார். இதிலிருந்து 20 மி.லி. எடுத்து ஒரு லிட்டராக்கினால் 100 மி.கி., அதாவது சுமார் 0.1 மில்லிமோல்.

ஒப்பீட்டுக்கு எப்போதும் ரியாக்டிவ் புளூ 19-ஐயும் கூட ஓட்ட வேண்டும். ஆய்வகங்களில் இதற்கு ரெமசால் பிரில்லியன்ட் புளூ ஆர் என்று பெயர். மூலக்கூறு எடை 626.5. இது அசோ சாயம் அல்ல, ஆந்த்ராகுவினோன். ஏன் கூட ஓட்ட வேண்டும் என்பது பின்னால் வரும்.

நொதி என்ன செய்கிறது

மரத்தைச் செல்லரித்தது போலன்றி, வெளுத்து நார்நாராக்கி அழுகச் செய்பவை வெண்ணழுகல் பூஞ்சைகள். மரத்துக்கு இறுக்கம் தரும் லிக்னின் எனும் பொருள் ஒழுங்கற்ற வளையக் குவியல். ஒரே பூட்டுக்கு ஒரே சாவி என்ற கணக்கு அங்கே செல்லாது. ஆகவே இந்தப் பூஞ்சைகள் குறிபார்க்காமல் எலக்ட்ரானைப் பிடுங்கும் நொதிகளை உடலுக்கு வெளியே கசியவிடுகின்றன. வளையமுள்ள சாயமும் அதே அடியில் மாட்டிக்கொள்கிறது. 1983-இல் அமெரிக்காவின் மேடிசன் நகர வனப்பொருள் ஆய்வகத்தில் மிங் டியன், கென்ட் கர்க் இருவரும் ஃபெனரோகீட் கிரைசோஸ்போரியம் பூஞ்சையிலிருந்து லிக்னின் பெராக்சிடேஸை விவரித்தார்கள். அதே ஆண்டில் அதே பூஞ்சை பாலிமர் சாயங்களை வெளுக்கிறது என்ற ஆய்வும் வந்தது. 1990-இல் காங்கோ ரெட் போன்ற அசோ சாயங்களுக்கும் அது காட்டப்பட்டது.

நொதிகள் மூன்று. லாக்கேஸ்: நான்கு தாமிர அணுக்கள் கொண்டது. முதல் தாமிரம் சாயத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கும். மற்ற மூன்றும் சேர்ந்து, நான்கு எலக்ட்ரான் திரண்டதும் ஆக்சிஜனைத் தண்ணீராக்கும். வெளியிலிருந்து காற்று போதும். மாங்கனீஸ் பெராக்சிடேஸ்: ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு மாங்கனீஸை இரண்டிலிருந்து மூன்று நிலைக்கு ஏற்றும்; அந்த மாங்கனீஸ் ஆக்சாலிக் அமிலத்தின் கைப்பிடியில் நகர்ந்துபோய்ச் சாயத்தைத் தாக்கும். லிக்னின் பெராக்சிடேஸ்: மூன்றிலும் வலுவானது, பி.எச். 3 அருகே விரும்புவது, வேகமாகக் குலுக்கினாலே கெடுவது.

பட்டறைக்கு லாக்கேஸ்தான் தோது. பெராக்சைடு வேண்டாம் என்பது ஒரு காரணம். தாங்குதிறன் இன்னொன்று, ஜீன்ஸ் துணியின் இண்டிகோவை வெளுக்க 1996 முதலே வணிக லாக்கேஸ் விற்பனையில் இருக்கிறது, எலக்ட்ரானைக் கைமாற்றும் மத்தியஸ்தப் பொருளோடு சேர்த்து.

அசோ பிணைப்பை லாக்கேஸ் உடைக்கும் விதம் கவனிக்கத்தக்கது. வளையத்தின் ஹைட்ராக்சில் தொகுதியிலிருந்து ஓர் எலக்ட்ரான் போகிறது, பின் இன்னொன்று. நைட்ரஜனைத் தாங்கியிருக்கும் கார்பன் எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்க, அங்கே தண்ணீர் வந்து மோதுகிறது. ஒருபக்கம் குவினோன் பிரிகிறது. மறுபக்கம் டையசீன் ஆகி, ஆக்சிஜன் பட்டதும் நைட்ரஜன் வாயுவாக வெளியேறுகிறது. 1995-இல் ஃபீனால் வகை அசோ சாயங்களில் இந்தப் பாதை காட்டப்பட்டது. காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா செய்வது இதற்கு நேர்மாறு: எலக்ட்ரானைக் கொடுத்து இரட்டைப் பிணைப்பை இரண்டு அமீன்களாகப் பிளக்கும். நிறம் அங்கேயும் போகும். ஆனால் கிடைப்பது நறுமண அமீன். ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் துணிகளில் கிலோவுக்கு 30 மி.கி.க்கு மேல் கூடாதென்று விலக்கிய 22 அமீன்கள் இந்தக் குடும்பத்தவைதாம். பிளாக் 5 அந்தப் பட்டியலில் வருவதைத் தருவதில்லை. இருந்தாலும் நிறம் போனதை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

சரி, பிளாக் 5 லாக்கேஸுக்கு எளிதா? இல்லை. சல்ஃபோன், சல்ஃபோனேட் தொகுதிகள் வளையத்திலிருந்து எலக்ட்ரானைத் தம்பக்கம் இழுத்து வைத்திருக்கின்றன, மூலக்கூறும் பெரியது. தனி லாக்கேஸில் அது மெதுவாகவே போகும். டிராமெட்டஸ் எனும் வெண்ணழுகல் பூஞ்சை இனத்தின் பெரும்பாலான லாக்கேஸுகளுக்குப் புளூ 19 சுலபம். இரண்டையும் கலந்தால்தான் வேடிக்கை. 1999-இல் வந்த ஓர் ஆய்வில் டிராமெட்டஸ் வெர்சிகலர் லாக்கேஸ் ஆந்த்ராகுவினோன் சாயத்தை நேரடியாகத் தாக்கியது. அசோ, இண்டிகோ சாயங்களோ அந்த ஆந்த்ராகுவினோன் கூட இருந்தபோதுதான் வெளுத்தன. ஆக்சிஜனேற்றம் பெற்ற சாயத்துண்டே தூதுவனாகப் போய் மற்றதை அடிக்கிறது. எச்.பி.டி., ஏ.பி.டி.எஸ். போன்ற செயற்கை மத்தியஸ்தப் பொருள்கள் செய்யும் வேலை இதுவே. ஆனால் அவை விலை கூடியவை, கழிவுநீரில் விடத் தகாதவை. ராயல் புளூ பேட்ச் ஓடிய சோப்பிங் (சாயமேற்றியபின் சோப்பிட்டுச் சுடுநீரில் கழுவுதல்) தண்ணீரையும் கறுப்பின் சோப்பிங் தண்ணீரையும் ஒரே தொட்டியில் சேர்ப்பது செலவில்லாத வழி. முதலில் குடுவையில் சோதித்துப் பார்க்கத் தகுந்தது.

நிறம் போனதா, ஒட்டிக்கொண்டதா

பூஞ்சை இழை நல்ல கடற்பஞ்சு மாதிரி. சாயத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டாலும் தண்ணீர் தெளிந்துதான் தெரியும். இரண்டையும் பிரிக்காத எந்த எண்ணும் பயன்படாது.

முதல் சலித்தெடுப்பு அகார் தட்டில். உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம், புளூ 19 200 மி.கி.; ஒரு லிட்டருக்கு இவ்வளவு. 8 மி.மீ. பூஞ்சைத் துண்டை நடுவில் வைத்து 28 டிகிரியில் ஏழு நாள். தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இழை நீலமாகி அகாரும் நீலமாக இருந்தால் உறிஞ்சல் மட்டுமே. இழை வெள்ளையாக, அதன் அடியில் அகார் வெளிறி, அந்த வெளிறல் இழையின் விளிம்பைத் தாண்டி ஒன்றிரண்டு மி.மீ. போயிருந்தால் நொதி வெளியே வேலை செய்கிறது.

அடுத்தது திரவத்தில். லிட்டருக்குக் குளுக்கோஸ் 10 கிராம், அம்மோனியம் டார்ட்ரேட் 0.2 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், கால்சியம் குளோரைடு 0.1 கிராம், தயமின் 1 மி.கி., சிறிதளவு நுண்தனிமக் கலவை, பி.எச். 4.5, 121 டிகிரியில் 15 நிமிடம் ஆவிக்கொதி. தயமினை மட்டும் வடிகட்டிப் பின்னால் சேர்க்க வேண்டும். நைட்ரஜனை இவ்வளவு குறைவாக வைப்பதற்குக் காரணம் உண்டு: ஃபெனரோகீட் தன் பெராக்சிடேஸை நைட்ரஜன் தீர்ந்தபின்தான் வெளியிடும். டிராமெட்டஸ் அவ்வளவு பிடிவாதமில்லை. மூன்றாம் நாள் தாமிர சல்பேட் 125 மி.கி. சேர்த்தால் லாக்கேஸ் பல மடங்கு ஏறும். முதல் நாளே சேர்த்தால் வளர்ச்சி தடைப்படும்.

லாக்கேஸை அளக்க: ஒரு மி.லி. குவளையில் அசிட்டேட் தாங்கல் கரைசல், பி.எச். 4.5, ஏ.பி.டி.எஸ். (லாக்கேஸ் பட்டால் நிறம் தரும் பொருள்) 0.5 மில்லிமோல், வடிகட்டிய திரவம் 50 மைக்ரோலிட்டர். 420 நானோமீட்டரில் நிமிடத்துக்கு 0.36 ஏறுகிறது என்றால், மோலார் உறிஞ்சல் எண் 36,000 என்பதால் நிமிடத்துக்கு 10 மைக்ரோமோல் செறிவு, ஒரு மி.லி.யில் 0.01 அலகு, அது 0.05 மி.லி. திரவத்திலிருந்து வந்ததால் லிட்டருக்கு 200 அலகு. சாயம் கலந்த திரவமே 420-இல் கொஞ்சம் உறிஞ்சும். ஏ.பி.டி.எஸ். இல்லாத ஒரு குவளையை ஒப்புக்கு வைக்காவிட்டால் தொடக்க அளவே தப்பு.

ஒப்புக் குடுவைகள் நான்கு கட்டாயம்: பூஞ்சை இல்லாதது, வேகவைத்துக் கொன்ற பூஞ்சை, பூஞ்சையை வடிகட்டி எடுத்த வெறும் திரவம், அதே திரவத்தைக் கொதிக்கவைத்தது. செத்த பூஞ்சைக்குச் சோடியம் அசைடு போடலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்கக் கூடாது, பி.எச். 4.5-இல் அதில் பாதியளவு ஹைட்ரசோயிக் அமிலமாக மாறும், அதன் ஆவி கொடிய நஞ்சு. வெந்த பூஞ்சை உயிருள்ளதைவிடக் கூடுதலாக உறிஞ்சும் என்பதால், சோதனை முடிவில் உயிர்ப் பூஞ்சையையும் மெத்தனாலில் குலுக்கி, பின் 0.1 மோல் காஸ்டிக்கில் குலுக்கி, திரும்ப வரும் சாயத்தை அளக்க வேண்டும். விட்டதில், கரைசலில் மிஞ்சியதையும் இப்படித் திரும்ப வந்ததையும் கழித்தால் உடைந்தது.

பிளாக் 5-இன் பெரிய முகடான 597 நானோமீட்டரில் மட்டும் அளந்து ‘95 சதவீதம்’ என்று எழுதுவது மிகப் பரவலான ஏமாற்றம். கறுப்பு போனபின் கரைசல் பெரும்பாலும் பழுப்பாகவோ செம்மஞ்சளாகவோ நிற்கும். குவினோன்கள் தமக்குள் இணைந்து புது நிறம் தருகின்றன. 200 முதல் 800 வரை முழு நிறமாலை எடுத்து, 400-க்கும் 700-க்கும் இடைப்பட்ட பரப்பைக் கணக்கிட வேண்டும். எல்லா முகடுகளும் ஒரே விகிதத்தில் குறைந்தால் உறிஞ்சல். பெரிய முகடு சரிந்து, புற ஊதாப் பக்கம் வடிவம் மாறினால் உடைதல்.

ஒரு பேட்ச், ஆறு தண்ணீர்

இனி மெஷினுக்குத் திரும்பலாம். குளியல் வடிந்தபின்னும் பருத்திப் பின்னல் தன் எடையில் இரண்டரை மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்: 500 கிலோ துணியில் 1,250 லிட்டர். அதன்மேல் மறுபடி 3,000 வரை நிரப்பினால், உப்பில் 42 சதவீதம் அடுத்த குளியலுக்குத் தங்குகிறது. சாயக்குளியலில் லிட்டருக்கு 80 கிராம், முதல் அலசலில் 33, இரண்டாவதில் 14, அசிட்டிக் அமிலம் விடும் குளியலில் 6, சோப்பிங்கில் 2.4. அதற்கடுத்த சுடுநீர் அலசலில் 1 கிராம்.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? குளோரைடு லாக்கேஸின் தாமிரத் தொகுதியில் போய் உட்கார்ந்து எலக்ட்ரான் ஓட்டத்தை மறிக்கும். 80 கிராம் சாதா உப்பு என்றால் 1.37 மோல், அந்தச் செறிவில் பெரும்பாலான பூஞ்சை லாக்கேஸுகள் ஏறக்குறைய நின்றுவிடும். 2.4 கிராம் என்பது 41 மில்லிமோல். வேகம் குறையும், நிற்காது. கிளாபர் சால்ட் (சோடியம் சல்பேட்) போட்ட பேட்ச் என்றால் இன்னும் நல்லது. சல்பேட்டுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. சாதா உப்பா, கிளாபரா என்று கேட்காமல் பூஞ்சைச் சோதனை தொடங்குவது வீண்.

காரத்தைப் பார்ப்போம். சாயக்குளியலில் 20 கிராம் சோடா ஆஷ் என்பது 0.19 மோல். பி.எச். 11-லிருந்து 4.5-க்குக் கொண்டுவர அதே அளவு மோல் கந்தக அமிலம், லிட்டருக்கு 18.5 கிராம். அறை வெப்பத்தில் நாலரை லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். தொட்டியில் வேகமாக விட்டால் நுரை பொங்கி வெளியே வழியும். போதாததற்கு 18 கிராம் சல்பேட் தண்ணீரில் கூடுகிறது. மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 2,100 மி.கி. என்ற வரம்பு பேசப்படும் ஊரில் இதைச் செய்வது தலைகீழ் வேலை. பாய்லர் புகையை விட்டு நடுநிலையாக்கலாம் என்பார்கள். அது பைகார்பனேட் வரைதான் இறக்கும், 4.5-க்கு வராது.

சோப்பிங் தண்ணீரில் கதையே வேறு. முந்தைய குளியலில் பட்டறையே அசிட்டிக் அமிலம் விட்டிருக்கிறது. அங்கே மிஞ்சியிருந்த 1.4 கிராம் சோடாவுக்கு ஈடாகச் சுமார் 1.6 கிராம், அதில் 42 சதவீதம், அதாவது 11 மில்லிமோல் அசிட்டேட், சோப்பிங்கில் தங்குகிறது. ஆய்வகத்தில் லாக்கேஸுக்கென்று நாம் காசு கொடுத்துக் கரைக்கும் அசிட்டேட் தாங்கல் கரைசலின் நீர்த்த வடிவம் இது. பி.எச். 6-லிருந்து 4.8-க்கு இறக்கக் கால் கிராம் கந்தக அமிலம் போதும், தண்ணீர் ஆர்.ஓ.விலிருந்து வந்ததாக இருந்தால் அவ்வளவே. 18.5 எங்கே, 0.25 எங்கே!

சாயம்? சோப்பிங்கின் வேலையே செத்த சாயத்தை நூலிலிருந்து கழற்றுவது. உப்பு அதிகமுள்ள குளியலில் அது நூலை ஒட்டிக்கொண்டு நிற்கும். உப்பு வடிந்து, தண்ணீர் 90 டிகிரிக்குச் சூடானபின்தான் விடும். 9 கிலோவில் ஒரே ஒரு கிலோ இங்கே வந்தாலும் லிட்டருக்கு 330 மி.கி. சுடுநீர் அலசலோடு சேர்த்துவிட்டால் 250-க்குக் கீழே வரும், பூஞ்சைக்குக் கையாளக்கூடிய செறிவு. உப்பு குறைவு, அமிலம் ஏற்கெனவே உண்டு, சாயம் நிறைய. கொடுக்க வேண்டிய தண்ணீர் இதுவே. சாயக்குளியலையும் முதல் அலசலையும் தனிக் குழாயில் உப்பு மீட்புக்கு அனுப்பிவிட வேண்டும். பல பட்டறைகளில் அப்படிப் பிரிக்கும் வால்வு ஏற்கெனவே இருக்கிறது.

ஒரு குறை, வெப்பம். வெண்ணழுகல் பூஞ்சைகளில் ஒன்றான சிப்பிக் காளானின் இழை 40 டிகிரியில் சாகும். டிராமெட்டஸும் 30-ஐ ஒட்டியே சுகப்படும். சோப்பிங் டிரெயினை வெப்பப் பரிமாற்றியில் விட்டுச் சூட்டை மீட்டு, 32-க்குக் கீழ் வந்தபின்தான் பூஞ்சையிடம் விட வேண்டும். கோடையில் அது எளிதல்ல. ஃபெனரோகீட் 37 முதல் 40 வரை உற்சாகமாக வளரும். ஆனால் அதன் பலம் பெராக்சிடேஸில், லாக்கேஸில் அல்ல.

வைக்கோல் நெடுவரிசை

குளுக்கோஸ் போட்ட மணியுருண்டைப் பூஞ்சை, கிருமி நீக்காத கழிவுநீரில் நீண்ட நாள் தாங்காது. சர்க்கரைக்குப் பாக்டீரியா முந்திக்கொள்ளும். பார்சிலோனா தன்னாட்சிப் பல்கலைக்கழகக் குழுவினர் டிராமெட்டஸ் உருண்டைகளைக் காற்றுத் துடிப்பால் மிதக்கவைத்து, பழைய பூஞ்சையில் ஒரு பங்கை அவ்வப்போது எடுத்துப் புதியதை இட்டு, தொடர் ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். நேர்த்தியான முறை, ஆளும் கருவியும் வேண்டும். நம் பகுதியில் கையருகே இருப்பது வைக்கோலும் சிப்பிக் காளான் வித்தும். வைக்கோல் பூஞ்சைக்குப் பிடிமானம், உணவும் அதுவே. அந்த லிக்னினுக்குப் பாக்டீரியா எளிதில் போட்டிக்கு வராது.

வைக்கோலை 3 முதல் 5 செ.மீ. துண்டாக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து வடிக்க வேண்டும். பிழிந்தால் விரலிடையில் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் ஈரம், சுமார் 65 சதவீதம். ஈர எடையில் 5 முதல் 10 சதவீதம் வித்து கலந்து பையில் கட்டி, 25 முதல் 28 டிகிரியில் 15 முதல் 20 நாள். முழுக்க வெள்ளை பரவியதும் 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இறுக்காமல் நிரப்பலாம்; இதுதான் நெடுவரிசை. எட்டரை லிட்டர் கொள்ளளவு, உலர் கணக்கில் சுமார் 600 கிராம் வைக்கோல். காளான் பண்ணையில் அறுவடை முடிந்து குப்பைக்குப் போகும் படுக்கையும் பயன்படும். ஆனால் பைக்குப் பை நொதி வேறுபடும். 10 கிராம் ஈர வைக்கோலை 50 மி.லி. அசிட்டேட் கரைசலில் ஒரு மணி நேரம் குலுக்கி வடிகட்டி அளந்து பார்த்தபின்தான் நிரப்ப வேண்டும்.

தண்ணீர் மேலிருந்து சொட்ட வேண்டும். குழாய் நிரம்பி நிற்கக் கூடாது. இதை எவ்வளவு சொன்னாலும் தகும். 10 லிட்டர் வாளியிலிருந்து மணிக்கு 5 லிட்டர் வீதம் சுழற்றி, 24 மணி நேரம் ஓட்டுவது நல்ல தொடக்கம். நிரம்பி நின்றால் வைக்கோலின் உள்ளே காற்று தீரும், லாக்கேஸுக்கு ஆக்சிஜன் இல்லை, காற்றில்லா பாக்டீரியா தலைதூக்கும். அப்போதும் கறுப்பு போகும்! முன்னைவிட வேகமாகவே போகும். ஆனால் போகும் வழி அமீன் வழி. அழுகிய முட்டை நாற்றம், பி.எச். 6-ஐத் தாண்டி ஏறுவது, வெளியேறும் நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் இறங்குவது: மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த ஓட்டத்தின் எண்ணைப் பூஞ்சைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

முதல் இரண்டு மூன்று நாள் வெறும் தண்ணீர் ஓட்டி வடிக்க வேண்டும். புது வைக்கோல் தேநீர் மாதிரி பழுப்பைக் கக்கும்; 400 நானோமீட்டர் பக்கம் நிறம் ஏறி, பூஞ்சை வேலையே செய்யவில்லை என்ற தோற்றம் தரும். சி.ஓ.டி.யும் (வேதி ஆக்சிஜன் தேவை) கூடும்.

கெடுக்கும் பிற

பிளீச்சிங் டிரெயின் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. மிச்சப் பெராக்சைடு பெராக்சிடேஸை எரித்துவிடும். சாயத்துக்கு முன் பெராக்சைடு கில்லர் விடும் பட்டறையில் இந்தப் பயம் குறைவு, விடாத இடத்தில் நிச்சயம். ஹைட்ரோஸ் (சோடியம் ஹைட்ரோசல்பைட்) போட்டுச் சாயம் கழற்றிய பேட்சின் தண்ணீர் ஆக்சிஜனைத் தின்றுவிடும். லாக்கேஸ் ஒருபக்கம் பிடுங்கிய எலக்ட்ரானை ஹைட்ரோஸ் மறுபக்கம் திருப்பிக் கொடுத்துவிடும். சிலிக்கோன் சாஃப்ட்னர் வைக்கோலில் படலம் போடும்.

குடுவையில் லாக்கேஸை ஏற்றிய தாமிரத்தை இங்கே நகலெடுக்க முடியாது. 125 மி.கி. தாமிர சல்பேட் என்றால் லிட்டருக்கு 32 மி.கி. தாமிரம், நீர்நிலையில் விட அனுமதி 3 மி.கி. மட்டுமே. டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) ஷேடுகளில் தாமிரம் சாயத்துக்குள்ளேயே இருக்கிறது; அந்த மூலக்கூறு உடைந்தால் தாமிரம் வெளிவரும். ஆகவே டர்க்காய்ஸ் தண்ணீரை இதில் சேர்க்காமல் விடுவதே உத்தமம்.

வைக்கோலில் பச்சைத் திட்டு தெரிந்தால் டிரைக்கோடெர்மா. காளான் வளர்ப்பவர்களுக்குப் பழகிய பகைவன். சரியாக வேகாத வைக்கோல், கூடுதல் ஈரம் இரண்டும்தான் பெரும்பாலும் காரணம். அந்தப் பையை நெடுவரிசைக்குள் ஏற்றாமல் தள்ளிவிட வேண்டும். பிடுங்கிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துவது வேலைக்காகாது. இரண்டு குழாய்களை மாற்றி மாற்றி ஓட்டி, வாரத்துக்கொருமுறை மேல், நடு, அடி என மூன்று இடத்தில் வைக்கோல் எடுத்து நொதி அளந்து, தொடக்கத்தில் பாதியாகக் குறைந்ததும் புதிதாக நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளியே வரும் தண்ணீர்

நிறம் குறைந்த தண்ணீரில் கார்பன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். லாக்கேஸ் சாயத்தைத் துண்டாக்கும், கரியமில வாயுவாக்காது. சி.ஓ.டி. குறைவு மிகச் சொற்பம், வைக்கோல் கசிவைச் சேர்த்தால் சில நாள் ஏற்றம்கூட. அடுத்து வழக்கமான காற்றூட்டத் தொட்டிக்கு அனுப்பியாக வேண்டும்.

நச்சுத்தன்மைக்குப் பாசிப்பயறு முளைப்புச் சோதனை எளிது: தட்டுக்கு 10 விதை, வடிதாள், 5 மி.லி. நீர், 72 மணி நேரம், வேர் நீளம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. உப்பே வேரைக் குறுக்கும். வெறும் தண்ணீரோடு மட்டும் ஒப்பிட்டால் பழி சாயத்தின்மேல் விழும். அதே மின்கடத்துத்திறன் கொண்ட உப்புநீர்த் தட்டு ஒன்று, அதே பி.எச்.சில், கட்டாயம் வேண்டும்.

கடைசியில் மிஞ்சுவது பழைய வைக்கோல். அதில் உடையாத சாயம் ஒட்டியிருக்கும். எவ்வளவென்று மெத்தனால் குலுக்கலில் தெரியும். மாட்டுக்குப் போடக் கூடாது, தொழுவுரக் குழியிலும் சேர்க்கக் கூடாது. காயவைத்து, சுத்திகரிப்பு நிலையக் கசடோடு முறைப்படி ஒப்படைப்பதுதான் வழி. காயவைக்கும் முன் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வைக்கோலில் தங்கிய குளோரைடு எரியும் இடத்தில் இரும்பை அரிக்கும். அலசிய தண்ணீர் மறுபடி சோப்பிங் தொட்டிக்கே.